புது டிவி வாங்கும் முன்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக டிவி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். தொழில் பழகிய நாட்களில் சாலிடேர், டயனோரா பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இன்று என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பழுதுக்காக வருவதில்லை. “புதிதாக ஒன்று வாங்கப் போகிறோம், எது நல்லது?” என்று கேட்கத்தான் வருகிறார்கள். நான் டிவி விற்பதில்லை. எந்தக் கடையோடும் எனக்குக் கணக்கு வழக்கு இல்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதை எழுதவில்லை.

எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. எத்தனை இன்ச் வாங்கலாம்?

ஹாலின் அளவை விட்டுவிடுங்கள். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து திரை எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியம். வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து டிவி வரப்போகும் சுவர் வரை டேப் பிடித்து அளந்து கொள்ளுங்கள். அந்தத் தூரத்தை இன்ச்சாக மாற்றி 1.6 ஆல் வகுத்தால் ஏற்ற அளவு கிடைக்கும். ஆறடி என்றால் 72 இன்ச். வகுத்தால் 45 வரும், 43 இன்ச் டிவி பொருந்தும். ஏழரை அடிக்கு 55 இன்ச். ஒன்பது அடிக்கு 65 இன்ச். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் சோபா போன பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் ஏழு, எட்டு அடிதான். எனவே 50 அல்லது 55 இன்ச் போதும்.

எண்ணை நம்ப மனம் வரவில்லை என்றால் பழைய செய்தித்தாள்களை அந்த அளவுக்கு ஒட்டிச் சேர்த்துச் சுவரில் இரண்டு நாள் மாட்டி வையுங்கள். வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். கடையில் உயரமான கூரைக்குக் கீழே 65 இன்ச் சிறியதாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் சுவரையே அடைத்துக்கொள்ளும். தாளை ஒட்டிப் பார்த்தவர்கள் யாரும் அளவு தவறிவிட்டது என்று என்னிடம் வந்ததில்லை.

பெட்டியில் 108 செ.மீ. என்று போட்டிருக்கிறதே, எங்கள் ஷோகேஸ் மூன்றரை அடிதான். உள்ளே போகுமா?

அந்த 108 செ.மீ. என்பது திரையின் குறுக்களவு, அதாவது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு. 43 இன்ச்தான் அது. அதன் அகலம் ஏறக்குறைய 96 செ.மீ., உயரம் 56 செ.மீ. 55 இன்ச் டிவி என்றால் அகலம் 123 செ.மீ., உயரம் 71 செ.மீ. இருக்கும். மூன்றரை அடி என்பது 106 செ.மீ.; 43 உள்ளே போகும், அதற்கு மேல் போகாது. 21 இன்ச் பெட்டிக்காகக் கட்டிய ஷோகேஸ்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அதில் திணிப்பதற்காகச் சிறிய டிவியை வாங்குவதைவிடச் சுவரில் மாட்டுவது நல்லது.

மேசையில் வைப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இப்போதைய டிவிகளுக்கு நடுவில் ஒரே தாங்கி இருப்பது குறைவு. இரண்டு ஓரத்திலும் இரண்டு கால்கள். அந்தக் கால்களுக்கு இடையிலான தூரம் மேசையின் நீளத்தைவிடக் கூடுதலாக இருந்தால் டிவி நிற்காது. எப்படி வைத்தாலும் டிவியின் மேற்புறத்திலும் இரு பக்கங்களிலும் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். டிவிக்குச் சூடு ஆகாது.

ஃபுல் எச்டி போதாதா? 4கே அவசியமா?

ஃபுல் எச்டி திரையில் அகலத்துக்கு 1920, உயரத்துக்கு 1080 புள்ளிகள். 4கே திரையில் 3840, 2160. அதாவது நான்கு மடங்கு. 32 இன்ச் டிவியைப் படுக்கையறையில் எட்டடி தள்ளிப் படுத்துப் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது. 43 இன்ச்சும் அதற்கு மேலும் என்றால் 4கே வாங்குங்கள்; அந்த அளவில் இப்போது விலை வித்தியாசமும் பெரிதாக இல்லை. அதற்கும் மேலான 8கே பக்கம் போகவே வேண்டாம். அதில் போட்டுப் பார்க்க நம்மிடம் படமே இல்லை.

4கே டிவிதான் வாங்கினோம். சீரியல் பார்த்தால் பழைய டிவியைவிட மங்கலாக இருக்கிறதே, ஏமாற்றிவிட்டார்களா?

என்னிடம் மிக அதிகமாக வரும் மனக்குறை இதுதான். டிவியில் கோளாறு இல்லை. டிவிக்குள் போகும் படத்தில்தான் கோளாறு. சாதாரண கேபிள் பெட்டியிலிருந்து வரும் எஸ்டி, அதாவது பழைய தரப் படத்தில் அதிகபட்சம் அகலத்துக்கு 720, உயரத்துக்கு 576 புள்ளிகள். கணக்குப் போட்டால் நான்கு லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் இருப்பது சுமார் 83 லட்சம். வருகிற ஒரு புள்ளியை இருபது புள்ளியாக இழுத்து நிரப்பினால் முகம் மெழுகுபோல ஆகாமல் என்ன செய்யும்? பழைய 21 இன்ச் பெட்டியில் அதே படம் சிறிய திரையில் அடங்கியதால் குறை தெரியவில்லை.

சரிசெய்ய மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, செட் டாப் பாக்ஸ். எச்டி பாக்ஸ் வாங்கி, நீங்கள் பார்க்கும் சேனல்களின் எச்டி பதிப்பைப் பேக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். பாக்ஸ் மட்டும் எச்டியாக இருந்து சேனல் எஸ்டியாக இருந்தால் பயனில்லை. ஒரே சேனலுக்கு இரண்டு எண்கள் இருக்கும், எச்டி எண்ணைப் போட வேண்டும். இரண்டாவது, வயர். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய வயரில் இணைத்திருந்தால் எச்டி வரவே வராது; எச்டிஎம்ஐ வயர்தான் வேண்டும். மூன்றாவது, படத்தின் அளவு. பழைய சதுரப் படத்தை இழுத்து அகலத் திரையை நிரப்பியிருந்தால் நடிகர்கள் எல்லோரும் பருத்துத் தெரிவார்கள்.

ஒருமுறை வயதான அம்மா ஒருவர், வாங்கி இரண்டு மாதமே ஆன டிவியை மாற்றித்தரச் சொல்லிக் கடையில் சண்டை போட்டுவிட்டு என்னிடம் வந்தார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். எச்டி பாக்ஸ் இருந்தது, பணமும் எச்டிக்கே கட்டிக்கொண்டிருந்தார். இணைத்தவர் பழைய மஞ்சள் வயரைச் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். வயரை மாற்றியதும் அந்த அம்மா திரைக்குப் பக்கத்தில் போய்ப் புடவைக் கரையைத் தொட்டுப் பார்த்தார். புது டிவி வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை எச்டி பாக்ஸுக்கும் வயருக்கும் என்று ஒதுக்கி வையுங்கள் என்று அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்கிறேன்.

கேபிளே இல்லை, நெட்தான். அப்போதும் 4கே தெரியவில்லையே?

நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் கேட்கிறது. இந்த வேகம் ரூட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் போதாது, டிவி இருக்கும் இடத்தில் கிடைக்க வேண்டும். இரண்டு சுவர் தாண்டி வரும் வைஃபை பாதியாகக் குறைந்துவிடும். முடிந்தால் ரூட்டரிலிருந்து டிவிக்கு லேன் வயர் இழுத்துவிடுங்கள். அடுத்தது நீங்கள் கட்டும் சந்தா. அதே நெட்ஃபிளிக்ஸில் 4கே வருவது மேல்நிலைச் சந்தாவில் மட்டும்தான். மொபைல் சந்தா டிவியில் ஓடவே ஓடாது.

எல்இடி, க்யூஎல்இடி, ஓஎல்இடி என்கிறார்கள். ஒரே எழுத்தைப் புரட்டிப் போட்டு விலை மட்டும் ஏறுகிறது. என்னதான் வித்தியாசம்?

எல்இடி டிவி என்று விற்பது உண்மையில் எல்சிடி டிவி. பின்னால் விளக்குகள் எரிகின்றன. முன்னால் இருக்கும் திரை, ஜன்னல் கதவைப்போல அந்த ஒளியைத் திறந்தும் மூடியும் படம் காட்டுகிறது. கதவு முழுதாக மூடுவதில்லை, கொஞ்சம் ஒளி கசியும். அதனால்தான் இருட்டறையில் கறுப்பு, சாம்பலாகத் தெரிகிறது. க்யூஎல்இடியும் இதே அமைப்புத்தான். விளக்குக்கும் திரைக்கும் நடுவில் குவாண்டம் டாட் என்ற நுண்துகள் அடுக்கு ஒன்று இருக்கும். அது நிறத்தைத் தெளிவாக்கும், கறுப்பை மாற்றாது. மினி எல்இடியில் பின்விளக்குகள் மிகச் சிறியவை, எண்ணிக்கையில் மிக அதிகம். பகுதி பகுதியாக அணைத்துக்கொள்ள முடியும் என்பதால் கறுப்பு நன்றாக வரும், வெளிச்சமும் அதிகம்.

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, தானே அணைகிறது. அணைந்த புள்ளி முழுக் கறுப்பு. இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் சினிமா பார்ப்பவருக்கு இதற்கு இணை இல்லை. பகலெல்லாம் கதவைத் திறந்து வைத்து, வெளிச்சத்தில் செய்தியும் சீரியலும் ஓடும் வீட்டுக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன். அங்கே மினி எல்இடி அல்லது நல்ல வெளிச்சம் தரும் க்யூஎல்இடி போதும்.

பழுதுபார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். எல்இடி வகை டிவிகளில் என்னிடம் அதிகம் வருவது பின்விளக்குப் பட்டை போன கேஸ். “சத்தம் வருகிறது, படம் வரவில்லை” என்பார்கள். டார்ச் அடித்துத் திரையைச் சாய்வாகப் பார்த்தால் உள்ளே படம் மங்கலாக ஓடிக்கொண்டிருக்கும். பின்விளக்கை எப்போதும் 100இல் வைத்து ஓட்டுவதுதான் இதற்குப் பெரிய காரணம். இரவில் 50, பகலில் 70 என்று வைத்தால் கண்ணுக்கும் இதம், விளக்கும் பல ஆண்டு கூடுதலாக உழைக்கும்.

கடையில் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பளபளப்பு எங்கே போனது?

கடையில் டிவியை ‘விவிட்’ என்ற அமைப்பில், வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்தில் வைத்து, அதற்கென்றே எடுத்த பூக்கள், பழங்கள், மீன்கள் படத்தை ஓட்டுகிறார்கள். அந்தப் படத்தில் எந்த டிவியும் அழகாகத்தான் இருக்கும். கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவில் உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவைக் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். தெரிந்த முகங்களின் தோல் நிறம் சரியாக இருக்கிறதா என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும். பிறகு ‘சினிமா’ அல்லது ‘ஸ்டாண்டர்டு’ அமைப்புக்கு மாற்றச் சொல்லி மீண்டும் பாருங்கள். முடிந்தால் சாதாரணச் செய்திச் சேனல் ஒன்றையும் போடச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

நான் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பேன். அங்கிருந்து நிறம் வெளுத்துப்போகிறது. எல்லா டிவியும் இப்படித்தானா?

இல்லை. எல்சிடி திரைகளில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை உண்டு. விஏ திரையில் நேராகப் பார்த்தால் கறுப்பு அழுத்தமாக இருக்கும். பக்கத்தில் போனால் நிறம் வெளிறும். ஐபிஎஸ் திரையில் கறுப்பு கொஞ்சம் சாம்பல். ஆனால் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நிறம் பெரிதாக மாறாது. ஓஎல்இடிக்கு இந்தக் குறை பெரிதாக இல்லை. திண்ணை, தரை, ஊஞ்சல் என்று ஆளுக்கொரு மூலையில் இருந்து பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ்தான் பொருந்தும். பெட்டியில் இது எழுதியிருக்காது. கடையில் டிவிக்கு முன்னால் நிற்காமல், நீங்கள் வீட்டில் உட்காரும் கோணத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். தயங்க வேண்டாம், உங்கள் பணம்.

வாசலையோ ஜன்னலையோ பார்த்தபடி டிவியை வைக்காதீர்கள். தெருவில் போகும் சைக்கிள்கூடத் திரையில் தெரியும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அதற்கு மருந்தில்லை.

எச்டிஆர், டால்பி விஷன் எல்லாம் போட்டிருந்தால் நல்ல டிவிதானே?

போட்டிருப்பது வேறு, காட்டுவது வேறு. எச்டிஆர் என்பது வெயிலை வெயிலாகவும் நிழலை நிழலாகவும் காட்டும் முறை. அதற்குத் திரையில் வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்தை ‘நிட்’ என்ற அளவில் சொல்வார்கள். 250, 300 நிட் தரும் மலிவு டிவி எச்டிஆர் படத்தை வாங்கிக்கொள்ளும், காட்ட முடியாமல் திணறும். சில நேரம் படம் இன்னும் இருண்டுபோகும். 600 நிட்டுக்கு மேல் இருந்தால்தான் பெயருக்கு ஏற்ற பலன் தெரியும். பெட்டியின் மேல் எத்தனை முத்திரை என்று எண்ணாமல் நிட் எவ்வளவு என்று கேளுங்கள். டால்பி விஷன் என்பதும் எச்டிஆரில் ஒரு வகைதான். சாம்சங் டிவிகளில் அது கிடையாது, எச்டிஆர்10 பிளஸ் என்ற வேறு வகை இருக்கும். அதற்காக அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. அதே படம் எச்டிஆர்10 முறையில் ஓடும்.

கிரிக்கெட் பார்க்க 120 ஹெர்ட்ஸ் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். உண்மையா?

ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு விநாடியில் எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. சினிமா விநாடிக்கு 24 படம். நம் நாட்டு ஒளிபரப்பு 50ஐத் தாண்டுவதில்லை. 60 ஹெர்ட்ஸ் டிவியில் கிரிக்கெட் நன்றாகவே தெரியும். பிளேஸ்டேஷன் 5 போன்ற கருவியில் விளையாடும் பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் 120 ஹெர்ட்ஸும் எச்டிஎம்ஐ 2.1 இணைப்பும் உள்ளதா என்று பாருங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு சந்தேகம்: “சினிமா போட்டால் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.” டிவி, வந்த படங்களுக்கு நடுவில் தானாகச் சில படங்களை வரைந்து செருகுகிறது. எம்இஎம்சி என்றோ மோஷன் என்றோ அமைப்பில் ஒரு பெயரில் இருக்கும். சினிமாவுக்கு அதை அணைத்துவிடுங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

பெயர் தெரியாத கம்பெனி, பாதி விலை, ஆண்ட்ராய்டு டிவி என்கிறார்கள். வாங்கலாமா?

திரைப் பலகை செய்யும் நிறுவனங்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை. பல பிராண்டுகளும் அவர்களிடமிருந்துதான் வாங்குகின்றன. ஆகவே மலிவு என்பதாலேயே திரை மட்டம் என்று சொல்ல மாட்டேன். மூன்று கேள்வி கேளுங்கள். நம் ஊரில் சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது? ரேம் 2 ஜிபியாவது உண்டா? நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ உள்ளிட்டவை எச்டியில் ஓடுமா, இங்கேயே போட்டுக் காட்டுவீர்களா?

மூன்றாவது கேள்வியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கூகுளின் சான்று பெறாத ஆண்ட்ராய்டைப் போட்டு விற்கும் டிவிகள் உண்டு. அவற்றில் சில செயலிகள் திறக்காது, திறந்தாலும் படம் மங்கலாகத்தான் வரும். சான்று பெற்றதில் ‘கூகுள் டிவி’ அல்லது ‘ஆண்ட்ராய்டு டிவி’ என்ற பெயரும் பிளே ஸ்டோரும் இருக்கும். சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ் ஆகிய டிவி மென்பொருள்களும் நம்பகமானவை. செயலிகள் எண்ணிக்கை குறைவு, ஓட்டம் சீர். உதிரிப்பாகம் கிடைக்காமல் மூன்று வயது டிவியைக் காயலான் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த வேதனை எனக்கும் பழகவில்லை.

எங்கள் டிவி நன்றாக ஓடுகிறது, ஸ்மார்ட் மட்டும் இல்லை. மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். எச்டிஎம்ஐ துளை இருந்தால் ஃபயர் டிவி ஸ்டிக் போன்ற ஒன்றைச் சொருகினால் அதுவே ஸ்மார்ட் டிவி. ஸ்மார்ட் டிவி வாங்கி ஐந்தாறு ஆண்டில் செயலிகள் மந்தமாகிவிட்டாலும் இதே வழிதான். திரை நன்றாக இருக்கும் டிவியை மென்பொருளுக்காகத் தூக்கிப் போடாதீர்கள்.

வசனம் புரியவில்லை, பாட்டு மட்டும் காதைக் கிழிக்கிறது. டிவியில் கோளாறா?

மெல்லிய டிவியில் பெரிய ஸ்பீக்கருக்கு இடமில்லை. இருக்கும் சிறிய ஸ்பீக்கரும் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ ஒலிக்கிறது. முதலில் ஒலி அமைப்பில் ‘பேச்சு’ அல்லது ‘செய்தி’ வகையைப் போட்டுப் பாருங்கள்; முதியோர் உள்ள வீடுகளில் இதுவே போதுமானதாக இருக்கும். போதவில்லை என்றால் சவுண்ட்பார், அதாவது டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர். அதை எச்டிஎம்ஐ துளைகளில் ‘ஏஆர்சி’ அல்லது ‘இஏஆர்சி’ என்று எழுதியிருப்பதில்தான் சொருக வேண்டும். அப்போது டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்கிறார்கள். தேவையா? இடி மின்னலுக்கு என்ன செய்வது?

டிவியின் பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் வோல்டேஜ் 150க்கு இறங்கினாலும் அதுவே சமாளித்துக்கொள்ளும். குறைந்த வோல்டேஜுக்காக ஸ்டெபிலைசர் தேவையில்லை. ஆபத்து அதிக வோல்டேஜில் இருக்கிறது. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் வயர் அறுந்தாலோ தளர்ந்தாலோ 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறிவிடும். ஒரே தெருவில் பத்து டிவி, பத்து ஃபேன் ஒரே நேரத்தில் போவது இதனால்தான். உங்கள் பகுதியில் அப்படி நடந்திருந்தால், வோல்டேஜ் எல்லை தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கும் கருவியை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மெயின் போர்டில் வைத்துவிடுங்கள்.

இடி மின்னலுக்குச் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். அதோடு செட் டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் வயர், மாடியில் இருந்து வரும் டிஷ் வயர், லேன் வயர் மூன்றையும் கழற்ற வேண்டும். மின்னல் பாய்ச்சல் கரண்ட் வயரில் வந்து டிவியை எரித்ததைவிட, கேபிள் வழியாக வந்து எச்டிஎம்ஐ துளையைப் பொசுக்கியதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மட்டும் இல்லை, சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் கவனமாக இருங்கள். இடி கேட்கத் தொடங்கிய பிறகு வயரைத் தொடாதீர்கள். வானம் கறுக்கும்போதே கழற்றிவிடுங்கள். திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் ஸ்பைக் கார்டு வாங்கினால், வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத வீட்டில் அது வெறும் நீட்டிப்புப் பலகைதான்.

பெரிய டிவி வாங்கினால் கரண்ட் பில் எகிறுமா?

55 இன்ச் டிவி 120 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். தினம் ஆறு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. நம் மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. அந்த அறுபது நாளுக்குச் சுமார் 43 யூனிட். ஏசி ஓடும் வீட்டில் இது பெரிய தொகை இல்லை. ஆனால் 500 யூனிட் விளிம்பில் நிற்கும் வீடு என்றால் இந்த 43 யூனிட்டே கட்டண அடுக்கை மாற்றிவிடக்கூடும். பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும். இரண்டு மாடல்களை ஒப்பிட அது உதவும். பின்விளக்கைக் குறைத்தால் செலவும் குறையும். இரவில் செட் டாப் பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள், ரிமோட்டில் அணைத்த பிறகும் சூடாக இருக்கும். பாக்ஸின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் படுங்கள்.

சுவரில் எவ்வளவு உயரத்தில் மாட்டுவது?

உட்கார்ந்தால் கண் எங்கே இருக்கிறதோ அங்கே திரையின் நடுப்பகுதி வர வேண்டும். சோபாவில் உட்காருபவர்களுக்குத் தரையிலிருந்து மூன்றரை அடி. சாமி படத்துக்கு இணையாக மேலே மாட்டிவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்கிறவர்கள் பலர். ஹாலோ பிளாக் சுவர் என்றால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்; சாதாரண பிளாஸ்டிக் பிளக் அதில் பிடிக்காது, அதற்கான ஆங்கர் போல்ட் வேண்டும். செட் டாப் பாக்ஸ், பிளக் பாயின்ட் எங்கே வரும் என்று முதலிலேயே திட்டமிடுங்கள். மாட்டிய பிறகு பின்னால் கை நுழையாது.

ஆடித் தள்ளுபடியில் வாங்குவதா, தீபாவளிக்குக் காத்திருப்பதா? ஆன்லைனில் இன்னும் குறைவாக இருக்கிறதே?

தள்ளுபடி சதவீதத்தைப் பார்க்காதீர்கள், கையிலிருந்து கொடுக்கும் தொகையைப் பாருங்கள். மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை எழுதிக்கொண்டு நாலு இடத்தில் அதே எண்ணின் விலையைக் கேளுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் உள்ளே திரை மாறியிருக்கலாம். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக 2025 செப்டம்பர் 22 முதல் குறைந்தது. அதற்கு முந்தைய விலையைக் காட்டி “இவ்வளவு குறைத்துவிட்டோம்” என்று சொன்னால் அது கடையின் சலுகை இல்லை. போன ஆண்டு மாடல் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள், ஓராண்டில் பெரிதாக எதுவும் மாறிவிடுவதில்லை.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து திரை எரிவது வரை ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். பெட்டி நசுங்கியிருந்தால் வாங்கவே வேண்டாம். கம்பெனி ஆள் வந்து மாட்டும்வரை நீங்களாகப் பிரிக்காமல் இருப்பது இன்னும் நல்லது. தகராறு வந்து தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எக்ஸ்டெண்டட் வாரன்டி போடச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். போடலாமா?

55 இன்ச்சுக்கு மேல் என்றால் போடுங்கள். திரை போனால் அதை மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்கிவிடும். 32 இன்ச்சுக்கு வேண்டாம். எதுவானாலும் மூன்று விஷயத்தைத் தாளில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்: திரை சேருமா, வோல்டேஜ் ஏறி எரிந்தால் சேருமா, பொறுப்பு கம்பெனிக்கா அல்லது வேறு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கா. குழந்தை பந்தை எறிந்து உடைந்த திரை சாதாரண வாரன்டியில் சேராது.

ஓஎல்இடி வாங்க ஆசை. ஆனால் அப்பா காலை முதல் இரவு வரை ஒரே செய்திச் சேனல்தான். திரையில் தழும்பு விழும் என்கிறார்களே?

விழக்கூடும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிவதாக முன்பு சொன்னேன். எரிய எரிய அது தேயும். சேனலின் சின்னமும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் நாள் முழுவதும் ஒரே இடத்தில் எரிந்தால் அந்த இடம் மட்டும் வேகமாகத் தேய்ந்து நிழலாகத் தங்கிவிடும். இப்போதைய டிவிகள் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியும், அணைத்த பிறகு தாமே திரையைச் சீர்செய்தும் இதைத் தள்ளிப்போடுகின்றன. அதற்காகத்தான் இரவில் ஓஎல்இடிக்குப் பிளக் இணைப்பைத் துண்டிக்காமல் விடச் சொல்கிறேன். இடி வரும் நாள் மட்டும் விலக்கு. ஆனால் பத்து மணி நேரம் ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். மினி எல்இடியில் இந்தத் தேய்மானக் கவலை இல்லை.

அம்மாவுக்கு 76 வயது. தனியாக இருக்கிறார். ரிமோட் இரண்டு, மூன்று என்றால் குழம்பிவிடுகிறார். எந்த டிவி?

டிவியை விடுங்கள், அமைத்துக் கொடுப்பதில்தான் இருக்கிறது. அமைப்பில் எச்டிஎம்ஐ-சிஇசி என்பதைத் திறந்துவிட்டால், பாக்ஸ் அதற்கு இணங்குவதாக இருந்தால், ஒன்றைப் போட்டதும் மற்றதும் எழுந்துகொள்ளும். டிவியைப் போட்டால் முகப்புப் பக்கத்துக்குப் போகாமல் நேராகக் கேபிள் படம் வரும்படி வையுங்கள். அவர் பார்க்கும் நான்கு சேனலின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ரிமோட்டின் பின்னால் ஒட்டுங்கள். குரலில் தேடும் வசதி வேண்டும் என்றால், கடைக்கு அம்மாவையே அழைத்துப்போய் அவர் வாயால் தமிழில் கேட்கச் சொல்லுங்கள். அவர் பேச்சு அதற்குப் புரிந்தால் வாங்குங்கள். டிவி வந்த வாரம் நீங்களும் கூட இரண்டு நாள் இருந்து, அவரே போட்டு அவரே அணைப்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பழைய குண்டு டிவியை என்ன செய்வது?

2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த இலவசக் கலர் டிவிகள் இன்னும் பரணில் இருக்கின்றன. எக்ஸ்சேஞ்சில் எடுத்தால் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மின்னணுக் கழிவு சேகரிக்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பிள்ளைகளோ பழைய சாமான் எடுப்பவரோ உங்கள் வீட்டு வாசலிலேயே செம்புக்காக அதை உடைக்க விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆன பிறகும் பிக்சர் டியூபில் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கக்கூடும். தொழில் பழகிய முதல் வருடம் அது என் வலது கையில் பட்டது. முழங்கை வரை மரத்துப்போய் அன்று முழுவதும் ஸ்குரூ டிரைவரைப் பிடிக்க முடியவில்லை.